பாலர்க்கு வழக்குரைப்பார் யார்?

திருவிளையாடற் புராணத்திலே மாமனாக வந்து வழக்குரைத்த படலத்தை நம் ஆசிரியர்கள் பலமுறை படிப்பித்திருப்பார்கள். மகப்பேறில்லாத தனபதி என்னும் வணிகன் தன் தங்கை மகனையே மகனாகக் கொண்டு, பொருளெல்லாவற்றையும் அவனுக்கு ஆக்கித் தவத்துக்குச் சென்றான். பின்னர்த் தாயத்தார் அப்பொருள் முழுவதையுங் கவர்ந்தனர். தாயும் சிறுவனும் திக்கற்று நின்றபோது, இறைவன் அம்மாமனுடைய வடிவங்கொண்டு அறமன்றத்திலே தோன்றி, சிறுவன் பொருட்டு வழக்குரைத்துப் பொருளை மீட்டளித்தான். மாணாக்கர் இக்கதையில் விரும்பிக் கேட்பது, முடிவில் மாமன் மறைந்தருளும் இடத்தை. யான் நின்று நோக்குவது வேறோரிடம். "இவன் தனபதியல்லன்" என்று தாயத்தார் மறுத்தபொழுது, வந்தவர் தம் தெய்வத்தன்மையைக் காட்டி மன்றத்தாரை மருட்டினாரல்லர். அக்குடும்பத்தாருடைய குலமும் பெயரும் குணமும் செய்கையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். மன்றத்தார் அவர் சொல்லை ஏற்றது அவர் அறிந்திருந்தமையினாலேயாம். பிள்ளையின் பொருட்டுப் பேசுவோனுக்கு அன்பு வேண்டும். ஆயினும் அன்பு மாத்திரம் அவனுக்கு வழக்குரைக்கும் உரிமையைத் தரமாட்டாது.

இக்கதை இப்பொழுது நினைவுக்கு வந்ததன் காரணம் யாதெனில், இங்கிலாந்து, உவேல்சு என்னும் நாடுகளின் குடும்ப நீதிமன்றங்களிலே 'சிறுவர் பாதுகாவலர்' எனப்படும் பதவியின் வருங்காலத்தைக் குறித்து அந்நாட்டார் நெடுங்காலமாக நிகழ்த்திவரும் வாதமேயாம். ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தல் வேண்டும் என்று உள்ளூராட்சிச் சபை நீதிமன்றத்தை நாடும்பொழுது, சபைக்கும் உரியரல்லாது, பெற்றோர்க்கும் உரியரல்லாது, குழந்தைக்கே உரியராய் நிற்குமாறு நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரே அப்பாதுகாவலர். இங்கிலாந்தின் காரியம் நம் கிராம வித்தியாசாலையின் உபாத்தியாயருக்கு என்னை எனின், பிள்ளையின் பொருட்டுப் பிறரிடம் பேசுமாறு கேட்கப்படாத ஆசிரியர் நம்முள் ஒருவருமிலர். தகப்பன் கேட்பான், பாட்டி கேட்பாள், நன்னடத்தை உத்தியோகத்தர் கேட்பார். நாம் சொல்லும் விடை யாருடையது என்பதை நாம் எண்ணுவது அரிது. அவர்களோ அதனை அரைநூற்றாண்டாகச் சட்டத்தினாலும் வழக்கினாலும் எண்ணிவருகின்றார்கள்.

பாதுகாவலர் என்னுஞ் சொல் இனிதாயினும் அதன் பழைய சரித்திரம் இனிதன்று. இங்கிலாந்திலே எட்டாம் என்றி அரசன் காலத்தில், 1540ஆம் ஆண்டில், தந்தையையிழந்த நிலவுடைமைச் சிறுவர்களுக்கென ஒரு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அரசன் அச்சிறுவர்களின் பாதுகாவலுரிமையை விலைக்கு விற்றான். வாங்கினவன் நிலத்தின் வருவாயை உண்டு, சிறுவனுக்கோ சிறுமிக்கோ மணமுடித்துவைக்கும் உரிமையையும் வியாபாரமாக்கினான். 1660ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தினால் முற்றாக ஒழிந்தது. பின்வந்த காலத்திலும் நீதிமன்றங்கள் பாலர்க்குப் பாதுகாவலரை நியமித்தது பெரும்பாலும் பொருளின் பொருட்டே. நம் இலங்கையில் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையும், பராயமடையாதவன் தானே வழக்காடலாகாது, அடுத்த நண்பர் ஒருவர் வாயிலாகவே வழக்காடுதல் வேண்டும் என்று விதித்தது. காணி, தோட்டம், கடன், முதுசொம் என்பனவே அங்கு வழக்கு. பிள்ளை எவ்வீட்டில் உறங்கும், யார் கையால் உண்ணும் என்பது ஒரு வழக்காகவும், அவ்வழக்கிலே பிள்ளைக்கெனத் தனியே ஒரு நாவு வேண்டும் என்பது ஒரு நியாயமாகவும் தோன்றுதற்கு நெடுங்காலஞ் சென்றது. அதனைத் தோற்றுவித்தது ஒரு சிறுமியின் மரணம்.

மரியா கொல்வெல் என்பவள் 1965ஆம் ஆண்டிற் பிறந்தவள். பிறந்து சில மாதங்களுள் தந்தையை இழந்தவள். தந்தையின் சகோதரி அவளை எடுத்துப் பல ஆண்டுகள் வளர்த்தாள். மறுமணஞ் செய்துகொண்ட தாய் மகளைத் திரும்பக் கேட்டபொழுது, அவளைத் தன் பராமரிப்பில் வைத்திருந்த சபை அதனை எதிர்க்கவில்லை. தாயிடஞ் செல்லமாட்டேன் என்று பிள்ளை அழுததும் அடம்பிடித்ததும் பலர் கண்டவை. 1971ஆம் ஆண்டின் இறுதியில் நீதிமன்றத்திலே தாயும் இசைந்தாள், சபையும் இசைந்தது; இருதிறத்தாரும் இசைந்த இடத்தில் வழக்கு ஏது? நியாயாதிபதிகள் ஆணை பிறப்பித்தனர். 1973ஆம் ஆண்டு தைமாதத்திலே, பிறைற்றன் நகரத்தில், சிற்றப்பன் அடித்த அடியினால் அவள் இறந்தாள். வயது ஏழு. அவளுடைய மெலிவையும் காயங்களையுங் கண்ட அயலாரும் வித்தியாசாலை ஆசிரியரும் முன்னரே கவலை தெரிவித்திருந்தார்கள் என்பது பின்னர் நிகழ்ந்த விசாரணையில் வெளிப்பட்டது. அச்செய்தியைப் படிக்கும் ஆசிரியர் எவரும் அந்தப் பக்கத்தை எளிதிற் கடந்து செல்லார்.

இங்கு நாம் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. நீதிமன்றத்தில் எவரும் பொய் கூறினாரல்லர். மகளைக் கேட்டது தாயின் உரிமை. இரத்த உறவை மீட்டுக்கொடுத்தல் நன்றென்பது சபையின் அக்காலக் கொள்கை. குறைந்தது ஒன்றே: "இப்பிள்ளை யாரைக் கண்டு ஓடுகின்றாள், யாரைக் கண்டு ஒளிக்கின்றாள்" என்பதை அறிந்து வந்து, இருதிறத்தார் இசைவையுங் கலைக்கவல்ல ஒருவர். அவர் இல்லை என்பதையே எவரும் உணரவில்லை. இல்லாத ஆசனம் எவர் கண்ணுக்கும் தோன்றாது.

1974ஆம் ஆண்டில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 1975ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் நன்மை வேறுபடும் வழக்குகளிலே பிள்ளைக்கெனத் தனிப் பாதுகாவலர் வேண்டும் என்றது; ஆனால் பணச்செலவுக்கஞ்சி அதன் பெரும்பகுதியை 1984ஆம் ஆண்டு வரையில் நடைமுறைக்குக் கொண்டுவராது வைத்திருந்தனர். ஒரு குழந்தையின் மரணத்தினால் நாணிச் சட்டஞ் செய்தவர்கள், நாணம் ஆறியபின் செலவைக் கணக்கிட்டார்கள் போலும். 1989ஆம் ஆண்டுச் சட்டம் 1991ஆம் ஆண்டு ஐப்பசியில் நடைமுறைக்கு வந்து இப்பதவியை நிலைநிறுத்தியது. அதன்படி, பிள்ளையின் நன்மையைக் காத்தற்குப் பாதுகாவலர் வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தெளிந்தாலன்றி, இத்தகைய வழக்கில் ஒருவரை நியமித்தே தீர்தல் வேண்டும். சமூகசேவையிற் பயின்ற அவர் பிள்ளையைச் சென்று காண்பார். பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் ஆசிரியரையும் வினவுவார். சபையின் ஏடுகளைத் திறந்து படிக்கும் உரிமையைச் சட்டமே அவர்க்கு அளித்துளது. பிள்ளைக்கு ஒரு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுப்பவரும் அவரே. "சபை வேண்டும் ஆணை தகாது" என்று சொல்லலாம். "சபை கேட்டது போதாது" என்றுஞ் சொல்லலாம். பெற்றோருக்கு இன்னும் ஒரு தவணை கொடுமின் எனலும் அவர்க்கு இயலும்.

இனி, நம் விசாரத்தின் நடுவிடத்துக்கு வருவாம். பிறனொருவனுக்காகப் பேசுவோன் அவன் விரும்புவதைப் பேசுவதா, அவனுக்கு நன்மையானதைப் பேசுவதா? வளர்ந்தவர்களின் வழக்கறிஞர் முன்னதையே பேசுவர். அதுவே அவர்தம் தருமம். பாலர் திறத்திலே பின்னதே தகும் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் 'உன் நன்மையை நான் அறிவேன்' என்பதே உலகில் எல்லாக் கொடுங்கோலர் வாயிலும் முதலில் வருஞ் சொல். மரியாவைத் தாயிடம் அனுப்பினவர்களும் அவள் நன்மையைக் கருதியே அனுப்பினார்கள். மறுபுறத்திலே, அடித்த தகப்பனிடமே போகவேண்டும் என்று அழும் பிள்ளைகளும் உளர், அவ்வழுகை மெய்யானதே, அவ்வழுகையின்படியே செய்தல் மாத்திரம் தகாது.

அந்நாட்டார் கண்ட வழி ஒருவாறு செம்மையுடையது. பாதுகாவலர் நன்மையெனத் தாம் கருதுவதை உரைக்கலாம். ஆனால் பிள்ளையின் விருப்பத்தை மறையாது நீதிமன்றத்துக்கு எடுத்துரைத்தே தீர்தல் வேண்டும். விளங்குந் தன்மை வாய்ந்த பிள்ளை பாதுகாவலரோடு மாறுபடின், வழக்கறிஞர் பிள்ளையின் சொற்படி நிற்பார். பாதுகாவலர் தனியே நின்று தம் கருத்தை உரைப்பார். ஒரு நாவு இரண்டாகப் பிரிந்துவிடும். 2005ஆம் ஆண்டில் மேபன் என்னுங் குடும்பத்தார் வழக்கிலே 17, 15, 13 வயதுடைய மூன்று புதல்வர் தமக்கெனத் தனியே வழக்கறிஞர் வேண்டும் எனக் கேட்டனர். கீழ்நீதிமன்றம் மறுத்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இசைந்தது. 2017ஆம் ஆண்டில் மற்றொன்று நிகழ்ந்தது. தந்தையோடு கடல்கடந்து வேறு நாட்டில் வாழ விரும்பிய 14 வயதுச் சிறுவன் ஒருவனுடைய மனுவை நியாயாதிபதி பீற்றர் யாக்சன் தள்ளினார். தள்ளிய தீர்ப்பைச் சட்டமொழியில் எழுதாது, அச்சிறுவனுக்கே எழுதிய கடிதமாக எழுதினார். உன் விருப்பத்தைக் கேட்டேன், இன்ன காரணத்தால் ஏற்றிலேன் என்பதே அதன் சாரம். விருப்பத்தை மறுத்தல் வேறு. விருப்பத்தைக் கேளாது விடுதல் வேறு. வகுப்பிலே நாம் இவ்விரண்டையும் எத்துணை முறை ஒன்றாக்கிவிடுகின்றோம்!

யான் செய்த பிழை ஒன்றை ஈண்டுச் சொல்லுதல் தகும். பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி என்னிடம் படித்தாள். தாய் இல்லை. தந்தையும் தாய்வழிப் பாட்டியும் அவளை யார் வளர்ப்பது என்று மாறுபட்டனர். ஓர் உத்தியோகத்தர் வித்தியாசாலைக்கு வந்து, பிள்ளை எங்கிருப்பது நல்லது என்று என்னை வினவினார். பாட்டி வீட்டிலிருந்து வரும் நாள்களில் உடை துப்புரவாயிருக்கும், வீட்டுப்பாடம் எழுதியிருக்கும்; ஆதலின் பாட்டி வீடே என்று தயங்காமற் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு போனார். சில மாதங்களின் பின் அவள் வகுப்பிலே யாரோடும் பேசாதிருத்தல் கண்டு அழைத்துக் கேட்டேன். "அப்பாவோடை இருக்கிற தம்பிக்கு ஆர் சோறு தீத்திறது ரீச்சர்?" என்றாள். தம்பி ஒருவன் உண்டென்பதை யான் அறிவேன். அவனுக்கு அவளே தாயாக இருந்தாள் என்பதை அறிந்திலேன். யான் கூறிய விடை பிழையென்று இன்றும் துணிந்து சொல்லமாட்டேன். அவ்விடையை யான் கூறுதற்கு வேண்டிய அறிவு என்னிடம் இல்லை என்பதே என் குற்றம். அவளுடைய கொப்பியை அறிந்திருந்தேன், அவளை அறிந்திலேன். அவளை ஒருமுறை தனியே இருத்திக் கேட்க அரைமணி நேரம் போதும். அவ்வரைமணி நேரத்தை யான் கொடுக்கவில்லை.

ஆதலினாலேயே, பாதுகாவலரைப் பற்றிய வாதம் இங்கிலாந்திலே எப்பொழுதும் மணித்தியாலக் கணக்கிற் போய் முடிதல் எனக்கு வியப்பன்று. 2001ஆம் ஆண்டு வரையும் பாதுகாவலர்களின் குழுக்களை நடத்திச் சம்பளங் கொடுத்தவை அந்த உள்ளூராட்சிச் சபைகளே. எவருடைய செய்கையை ஆராய்ந்து குறை கூறவேண்டுமோ அவரிடமே கூலி வாங்குதல்! கோண்வால் என்னும் பகுதியின் சபை ஒரு வழக்குக்கு 65 மணித்தியாலத்துக்கு மேற் செலவிடலாகாது என்று தன் பாதுகாவலர்க்கு வரம்பிட்டது. பாதுகாவலர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அவ்வரம்பு பாதுகாவலரின் சுதந்திரத்தைக் குலைப்பது என்று கண்டு நீதிமன்றம் அதனை அழித்தது. 1992ஆம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டிலே அவ்வழக்கைக் காணலாம். சபையார் பாதுகாவலரிடம் இன்னதைச் சொல் என்று கட்டளையிட்டாரல்லர். இத்துணை நேரம் பார் என்றே கட்டளையிட்டனர். நாவைக் கட்டாமலே கண்ணைக் கட்டிவிடலாம் என்பதை நீதிமன்றம் உணர்ந்தது.

2001ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அக்குழுக்கள் யாவும் ஒன்றாக்கப்பட்டு, காஃப்காஸ் எனச் சுருக்கி அழைக்கப்படும் தேசிய சேவை தோன்றியது; உவேல்சின் பகுதி 2005ஆம் ஆண்டிற் பிரிந்தது. சபையிடங் கூலி வாங்கும் இழிவு நீங்கியது. ஆனால் தொடக்கத்திலேயே புதிய சேவை, தற்றொழிலாளராய்ப் பணிசெய்த பாதுகாவலர்களின் ஒப்பந்தங்களை முடித்து எல்லாரையும் தன் உத்தியோகத்தராக்க முயன்றது. அவர்தஞ் சங்கம் வழக்குத் தொடுத்து வென்றது. வென்றும் அனுபவமுள்ளார் பலர் மனங்கசந்து நீங்கினர். 2003ஆம் ஆண்டிற் பாராளுமன்றக் குழு ஒன்று அச்சேவையைக் கடுமையாகக் குறைகூறிற்று. அதன் நிருவாகம் பின்னர்ப் பெரிதுந் திருந்தியது என்பதையும், 2018ஆம் ஆண்டிலே அரசாங்கப் பரிசோதகர் அதனை மிகச் சிறந்தது என மதிப்பிட்டனர் என்பதையும் நடுநிலை பிறழாது சொல்லுதல் கடன்.

நிற்க. எதிர்ப்பக்கத்தாரின் நியாயத்தை அதன் முழுவலியோடு எடுத்துரையாது மேற்செல்லுதல் நேர்மையன்று. 2007ஆம் ஆண்டு ஆவணியிலே இலண்டன் நகரத்தில் பீற்றர் என்னும் 17 மாதக் குழந்தை, அதிகாரிகள் பலமுறை வந்துபோன வீட்டிலேயே வதையுண்டு இறந்தது. 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் வழக்கு முடிந்து செய்தி பரந்தபொழுது நாடு கொதித்தது. சபைகள் அஞ்சி, ஐயமுள்ள வீடுகளினின்று குழந்தைகளை எடுக்குமாறு நீதிமன்றங்களுக்கு ஓடின. ஓராண்டிலே 6,500 அளவில் இருந்த விண்ணப்பம் மறு ஆண்டிலே 8,800 அளவாயிற்று. 2016-17ஆம் ஆண்டில் 14,000த்தையுங் கடந்தது. பாதுகாவலர் அவ்வளவிற் பெருகினாரல்லர். பாதுகாவலரின்றி வாரக்கணக்காகப் பிள்ளைகள் காத்திருந்தனர். 2009ஆம் ஆண்டிலே, ஒரு பிள்ளைக்கென நியமிக்கப்படாது, முறைவைத்து அன்றன்று வரும் வழக்கைப் பார்க்கும் பாதுகாவலர் என ஒரு தற்கால ஏற்பாடு செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டிற் பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழு, இப்பெருக்கத்தை எதிர்கொள்ளச் சேவை ஆயத்தமாயிருக்கவில்லை எனக் கண்டித்தது.

இப்பொழுது நிருவாகி ஒருவர் நம்மை நோக்கி இவ்வாறு வினவலாம்: "இப்பாதுகாவலர் இப்பிள்ளையின் வீட்டிலே பத்தாவது முறை போய் இருக்கின்றார், மிக நன்று. அவ்வேளையிலே ஒருமுறையும் எவரும் போய்ப் பாராத பிள்ளைகள் இருபதின்மர் என் பட்டியலில் உளர். அவர்தம் நன்மைக்கு யார் பேசுவார்? ஒருவனுக்கே கடமைப்பட்டவன் எல்லாருக்கும் அநீதி செய்கின்றானல்லனோ?" இக்கேள்வி எளிதன்று. நாற்பது பிள்ளைகளின் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அருகில் அமர்ந்துவிட்ட ஆசிரியர் இதனைத் தம் முதுகிலே உணர்ந்திருப்பார். கண்ணுக்கு முன்னுள்ள பிள்ளையின் பொருட்டுக் கண்ணுக்குத் தோன்றாப் பிள்ளைகளை மறத்தல் இரக்கத்துக்கு இயல்பு, நீதிக்கு இயல்பன்று. நிருவாகி மறைந்துள்ள பிள்ளைகளின் வழக்குரைஞர். அவரைக் கன்னெஞ்சர் என்று இகழ்தல் எளிது, பயனன்று.

என் கருத்து இது. எத்துணை வழக்குகளை ஒருவர் ஏற்கலாம், எவ்வழக்கு முந்தியது, யார் காத்திருக்கலாம் என்பவற்றை நிருவாகி முடிவுசெய்க. அஃது அவர்க்கு உரியது. அதற்காக வரும் பழியும் அவர்க்கு உரியது. ஆனால் ஏற்ற வழக்கிலே 'போதும், அறிந்துவிட்டேன்' என்று சொல்லும் உரிமை பாதுகாவலர்க்கே உரியது. ஆளில்லையேல், "இப்பிள்ளைக்குப் பாதுகாவலர் இன்னும் இல்லை" என்று நியாயாதிபதிக்கு வெளிப்படையாகச் சொல்லுக. அவர் ஐயுற்று இருப்பார், தாமே வினவுவார், ஆணையைத் தள்ளிவைப்பார். அவ்வாறன்றி ஒருமுறை கண்டுவந்த ஒருவரை நிழல்போல் நிறுத்தி, "பாதுகாவலர் இசைந்தார்" என்று எழுதிக் கொடுப்பின், நியாயாதிபதி ஆறுதலடைகின்றார், ஐயம் உறங்கிவிடுகின்றது. மரியாவின் வழக்கிலே இல்லாத ஆசனம் எவர்க்குந் தோன்றவில்லை என்றேன். நிழல் இருக்கும் ஆசனமோ, நிறைந்தே தோன்றும். நியாயாதிபதி ஏமாந்தே போவார். ஏமாந்ததை அவர் அறியவும் மாட்டார்.

காலவரம்பைப் பற்றியுஞ் சிறிது சொல்லல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் சிறுவர் குடும்பச் சட்டம் இத்தகைய வழக்குகளை 26 வாரத்துள் முடித்தல் வேண்டும் என்றது; நியாயமாய் முடித்தற்கு வேண்டுமாயின் நீட்டலாம். டேவிட் நோர்குரோவ் என்பார் தலைமையிலான குழு 2011ஆம் ஆண்டிற் கொடுத்த அறிக்கையின் பயன் இது. இதனை அவசரம் என்று இகழ யான் உடன்படேன். நமக்கு ஆறுமாதம் எளிதிற் கழியுங் காலம். ஆறுமாதக் குழந்தைக்கு அதுவே பிறந்து வாழ்ந்த காலம் முழுவதும். வழக்கு நீள நீள, குழந்தை அந்நியர் வீட்டில் வேரூன்றிவிடும். பின்பு அவ்வேரைப் பறித்தல் இரண்டாந் துன்பம். ஆயினும் காலம் குறுகினால் முதலிற் குறைவது எது? விசாரணைத் தினம் குறையாது; பத்திரங்கள் குறையா. பிள்ளையோடு நிலத்திலமர்ந்து படங் கீறிக்கொண்டிருக்கும் பிற்பகலே குறையும். ஏனெனில் அது எந்தப் பதிவேட்டிலும் கட்டாயமாக நிரப்பவேண்டிய கட்டத்திற் காணப்படுவதன்று.

அமெரிக்காவில் வேறு வழி தேடினார்கள். சியாற்றில் நகரத்தில் டேவிட் சூக்கப் என்னும் நியாயாதிபதி, பிள்ளைகளைப் பற்றிப் போதிய செய்தியின்றித் தீர்ப்புக் கூறுதற்கு மனம் ஒவ்வாதவராய், 1977ஆம் ஆண்டிலே ஊரவர் சிலரைத் தொண்டர்களாகப் பழக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவரை அமர்த்தினார். அம்முறை நாடெங்கும் பரந்தது. கூலி வாங்காதவனைக் கூலியினால் அச்சுறுத்த முடியாது. ஒன்றிரண்டு பிள்ளைகளையே ஏற்பதால் அவனுக்கு நேரமும் உண்டு. நம்மவர்க்கு இது மிக இனிக்கும். எனக்கு முழுதும் இனிக்கவில்லை. ஓய்வும் வசதியும் உள்ளவர்களே பெரும்பாலும் தொண்டராக வருவர். அவர் சென்று காணும் வீடுகளோ ஏழைகளின் வீடுகள். ஏழ்மையைக் குற்றமென்று மயங்கும் கண் நல்ல மனமுடையார்க்கும் உண்டு. பாட்டி வீட்டுத் துப்புரவான உடையைக் கண்டு மயங்கிய யான் அதனை அறிவேன். பயிற்சி என்பது அந்த மயக்கத்தைக் களைதற்கே.

தாய் தந்தையர் பிரிந்து பிள்ளைக்காகத் தம்முட் போராடும் வழக்குகளில் நிலைமை இன்னும் மெலிவு. அங்கே பிள்ளைக்குத் தனிப் பாதுகாவலரை அமர்த்துதல் நீதிமன்றத்தின் விருப்பம். அருகியே அது நிகழும். பெரும்பாலும் ஓர் அறிக்கையோடு முடியும். 2022ஆம் ஆண்டில் டோர்செற்றிலும் வட உவேல்சிலும் தொடங்கிய புதுமுறை, போராட்டம் முற்றுமுன்னரே பிள்ளைக்கு அதனால் விளைவது யாதென்று அறிந்து எழுதச் செய்கின்றது. நல்ல முயற்சியே.

வருங்காலம் என்றால் இயந்திரத்தைச் சொல்லாது விடலாமோ? 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே பாதுகாவலர் பலர் பிள்ளைகளைத் தொலைபேசியிலும் திரையிலுமே கண்டனர். வேறு வழியில்லாத காலம் அது, குறைகூறுதற்கில்லை. சில இளைஞர் திரைமுன் கூச்சமின்றிப் பேசினர் என்பாருமுளர். ஆனால் திரையின் வெளியே நிற்பவர் யார் என்பதைத் திரை காட்டாது. பிள்ளை விடை சொல்லுமுன் கண்ணை எங்கே திருப்புகின்றது என்பதைக் காண்பவனே அறிவான். தீங்கு நிகழுமா என்பதைப் பழைய ஏடுகளின் கணக்கினால் எடைபோடும் பொறிகளைப் பற்றியும் பேசுகின்றார்கள். பல பிள்ளைகளுக்கு நிகழ்ந்ததைக் கூட்டி இப்பிள்ளைக்கு நிகழக்கூடியதை மதித்தல் நிருவாகிக்கு உதவும். அக்கணக்கின் உள்ளே இப்பிள்ளை இல்லை. இவள் தம்பிக்குச் சோறு ஊட்டுகின்றாள் என்பது எக்கணக்கிலும் வாராது.

இன்னும் ஒன்று சொல்லி நிறுத்துகின்றேன். இறுதி ஆணை பிறந்தவுடன் பாதுகாவலருடைய நியமனம் முடிகின்றது. மாதக்கணக்காக வந்து பழகியவர், பிள்ளை எதையெல்லாம் சொன்னதோ அதையெல்லாங் கேட்டவர், ஒருநாள் வந்து விடைபெற்றுப் போவார். தீர்ப்பு இன்னதென்று பிள்ளைக்கு விளங்கும் மொழியிலே கடிதம் எழுதிவைத்துச் செல்வோரும் உளர். பிள்ளை வளர்ந்தபின் அக்கடிதத்தை எடுத்துப் படிக்கலாம். முறியெழுதி முடிந்ததும் மறைந்த மாமனைப் போல அவர் மறைகின்றார். அதன்பின் பிள்ளையின் காரியம் ஆணையின்படி நடக்கின்றதா என்று காலந்தோறும் பார்த்தற்கு 2004ஆம் ஆண்டு முதல் மீளாய்வு உத்தியோகத்தர் என வேறொருவர் உளர். சுதந்திரமுடையவர் என்ற அடைமொழி அவர் பதவிப் பெயரிலேயே உண்டு. பெரும்பாலும் அவர் சம்பளம் பெறுவது அச்சபையிலேயே.